கேளுங்க சொல்றோம்: அக்ரிமென்ட்டுக்கு முன்னாடியே ரேட்டை ஏத்துறாரு கான்ட்ராக்டர், என்ன பண்றது?

கேள்வி: மறைமலைநகர் பக்கத்துல சொந்த மனையில 1,200 சதுர அடிக்கு வீடு கட்டப் போறோம் சார். தை மாசம் பேசினப்போ கான்ட்ராக்டர் மெட்டீரியலோட சேர்த்து சதுர அடி 2,350 ரூபான்னு வாட்ஸ்அப்ல கொட்டேஷன் அனுப்பினாரு, நாங்களும் சரின்னு சொல்லி 50,000 டோக்கன் ஜிபே பண்ணிட்டோம். அப்புறம் பிளான் அப்ரூவல், பேங்க் லோன்னு அலைஞ்சு எல்லாம் முடிஞ்சு, வாங்க அக்ரிமென்ட் போடலாம்னு கூப்பிட்டா இப்ப 2,600ங்கறாரு. கேட்டா கம்பி ஏறிடுச்சு, ஜல்லி ஏறிடுச்சு, ஆளே கிடைக்கலன்னு ஒரே பாட்டு. பூமி பூஜைக்கு நாள் குறிச்சாச்சு, மாமனார் வேற இவரை விட்டா நல்ல ஆள் கிடைக்காதுங்கறாரு. பழைய ரேட்டுக்கே கட்டித் தரச் சொல்ல முடியாதா?
- பெயர் வேண்டாம், மறைமலைநகர்

பதில்: கோவம் வரத்தான் செய்யும், 1,200க்கு 250னா முழுசா 3 லட்சம். ஆனா ஒண்ணு, அக்ரிமென்ட்டுக்கு முன்னாடி ஏத்துற ஆளு, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல வர்ற கான்கிரீட் பட்டை) வரைக்கும் கட்டிட்டு வேலையை நிறுத்திப் போட்டு ஏத்துற ஆளை விட எவ்வளவோ தேவலை. அப்போ உங்களுக்கு வேற வழியே இருக்காது, இப்ப இருக்கு.

சட்டத்துக்கு வருவோம். 1872 ஒப்பந்தச் சட்டப்படி ஒருத்தர் சொன்ன விலையை நீங்க ஏத்துக்கற வரைக்கும் அவர் வாபஸ் வாங்கலாம். நீங்க சரின்னு சொல்லி டோக்கனும் போட்டிருக்கீங்க, அதனால ஒப்பந்தம் ஆயிடுச்சேன்னு வாதாட இடமிருக்கு. ஆனா அந்த வாட்ஸ்அப் மெசேஜ்ல என்ன வீடுன்னு எழுதியிருக்கா? கடைக்கால் எத்தனை அடி ஆழம், ரோட்டுல இருந்து பேஸ்மென்ட் எத்தனை அடி உசரம், எந்த கிரேடு கம்பி, டைல்ஸ் சதுர அடி எத்தனை ரூபா வரைக்கும், இதெல்லாம் இல்லாம வெறும் 2,350னு ஒரு வரி இருந்தா அதை வச்சுக்கிட்டு இதே ரேட்டுக்குக் கட்டுன்னு கேஸ்ல ஜெயிக்கறது ரொம்பக் கஷ்டம். அப்படியே மிரட்டிக் கட்ட வச்சாலும், டிராயிங்ல 6 இன்ச்சுக்கு ஒரு கம்பின்னு இருக்கறது ஸ்லாப்ல 8 இன்ச்சுக்கு ஒண்ணா மாறும், கான்கிரீட் போட்டு மூடினப்புறம் யார் போய் பாக்கறது? மனசில்லாம கட்டுற ஆள்கிட்ட வீட்டைக் கொடுக்கறதை விட டோக்கனைத் திருப்பிக் கேட்டுட்டு விலகிடறது மேல்.

ஆனா அதுக்கு முன்னாடி பேப்பர் பேனாவை எடுங்க. அவர் சொல்ற காரணத்தை அவர் சொன்னபடியே கணக்குப் போட்டுப் பாப்போம். சாதாரண வீட்டுக்கு சதுர அடிக்கு சுமார் 0.4 மூட்டை சிமென்ட், 4 கிலோ வரைக்கும் கம்பி, 1.8 கன அடி மணல், 1.35 கன அடி ஜல்லின்னு ஒரு தோராயக் கணக்கு ஃபீல்டுல உண்டு, மண்ணையும் டிசைனையும் பொறுத்து கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். உங்க வீட்டுக்கு 480 மூட்டை, 4,800 கிலோ கம்பி, எம்.சாண்ட் (கல்லை உடைச்சு செய்யற மணல்), பி.சாண்ட் (அதுலயே பூச்சு வேலைக்கான நைஸ் ரகம்), ஜல்லி எல்லாம் சேர்த்து 38 யூனிட் (100 கன அடி ஒரு யூனிட்) வருது. இப்ப தாராளமாவே வச்சுக்குவோம், சிமென்ட் மூட்டைக்கு 40 ஏறிச்சுன்னா 19,200. கம்பி கிலோவுக்கு 6 ஏறிச்சுன்னா 28,800. ஜல்லி, எம்.சாண்ட் யூனிட்டுக்கு 1,000 ஏறிச்சுன்னா 38,000. மொத்தம் 86,000, அதாவது சதுர அடிக்கு 72 ரூபா. கூலியையும் விட்டுட வேண்டாம், ரேட்டுல 30 பர்சன்ட் கூலின்னு வச்சு அதுல 10 பர்சன்ட் ஏறிச்சுன்னா இன்னொரு 70. எல்லாத்தையும் கூட்டினா 142 ரூபா. அவர் ஏத்தின 250ல மீதி 108 ரூபா எங்கிருந்து வந்துச்சு? 1,200 சதுர அடிக்கு அது மட்டுமே 1,29,600.

இந்தக் கேள்வியைத்தான் அவர்கிட்ட கேக்கணும், சண்டையா இல்லாம டீ குடிச்சுக்கிட்டே. நான் எழுதின ஏத்தமெல்லாம் உதாரணத்துக்குத்தான், அவர் தையில வாங்கின பில்லையும் இப்ப வாங்கின பில்லையும் காட்டச் சொல்லி அதுல இருக்கற விலையைப் போட்டுக்கோங்க. ஜல்லி ஏறிடுச்சுன்னு ஒருத்தர் சொன்னா எடுத்த எடுப்புல பொய்னு தள்ளவும் முடியாது, 2025 ஏப்ரல்ல கனிம நில வரி வந்தப்போ விலை எகிறி, கிரஷர் (கல் உடைக்கற ஆலை) காரங்க ஸ்டிரைக்குன்னு போய், அப்புறம் அரசாங்கம் பேசி யூனிட்டுக்கு 1,000 குறைக்க வச்ச கதை நம்ம ஊர்லயே நடந்ததுதான்.

எனக்கென்னவோ அந்த 108க்குப் பதில் வேற எடத்துல இருக்கும்னு தோணுது. தை மாசம் அவர் ரேட் சொன்னப்போ உங்க கையில மண் பரிசோதனை ரிப்போர்ட்டோ ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கோ (கடைக்கால், தூண், கம்பி அளவெல்லாம் இன்ஜினியர் போட்டுத் தர்ற வரைபடம்) இருந்திருக்காது. அஞ்சடி கடைக்கால்னு மனசுல நினைச்சுக்கிட்டு சொல்லியிருப்பாரு, களிமண்ணா இருந்து இன்ஜினியர் டிராயிங்ல ஏழடின்னு வந்திருந்தா செலவு கூடத்தானே செய்யும், அதை நேரா சொல்லாம கம்பி மேலயும் ஜல்லி மேலயும் பழி போடறவங்க நிறைய பேர் (வேலையைப் பிடிக்கறதுக்காகவே முதல்ல குறைச்சுச் சொல்லிட்டு அப்புறம் ஏத்துற ரகமும் உண்டு, அது வேற). டிராயிங் கூடினதுக்குத்தான் ஏத்துறாருன்னா அந்தப் பணத்தை எந்த கான்ட்ராக்டர்கிட்ட போனாலும் கொடுத்துத்தான் ஆகணும். அதனால அதே டிராயிங்கை இன்னும் ரெண்டு பேர்கிட்ட கொடுத்து ரேட் வாங்குங்க. வாங்கும்போது போர்டிகோ, மாடிப்படி ஹெட் ரூம், பால்கனி இதையெல்லாம் சதுர அடியில எப்படி சேர்க்கறாங்க, சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், மண் ஃபில்லிங் ரேட்டுக்குள்ளயா வெளியயான்னு கேட்டுக்கோங்க, 2,400னு சொல்றவர்கிட்ட இதெல்லாம் வெளிய இருந்தா 2,600 காரரே சீப்பா வருவாரு.

அவரோடவே போறதா முடிவு பண்ணினா ரேட்டைக் குறைக்கறதோட நிக்காதீங்க, அக்ரிமென்ட்ல அடிப்படை விலைன்னு ஒரு பத்தி எழுதச் சொல்லுங்க. இந்தத் தேதியில சிமென்ட் இவ்வளவு, கம்பி இவ்வளவு, எம்.சாண்ட் இவ்வளவு, இதுல 5 பர்சன்ட்டுக்கு மேல மாறினா மட்டும் அந்த வித்தியாசத்தை பில்லைப் பாத்து கொடுக்கறோம், இறங்கினா நீங்க குறைக்கணும், அப்படின்னு. ஏறினா மட்டும்னு எழுதிக் கொண்டு வருவாங்க, ரெண்டு பக்கமும் வேணும்னு விடாப்பிடியா நில்லுங்க. பணம் ஸ்டேஜ் ஸ்டேஜா, முடிஞ்ச வேலைக்கு மட்டும்.

பேங்க்லயும் இப்பவே பேசிடுங்க, லோன் பழைய எஸ்டிமேட்டுக்குத்தான் சாங்ஷன் ஆகியிருக்கும், கூடுற பணத்துக்குப் புது எஸ்டிமேட் கொடுத்து முதல் தவணை எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுப் பாக்கறது சுலபம். விலகறதா இருந்தா டோக்கனை எழுத்துல கேளுங்க, அவர் உங்களுக்காக மண் பரிசோதனை, டிராயிங்னு செலவு பண்ணியிருந்தா அதைக் கழிச்சுக்கறது நியாயம். தரமாட்டேன்னு இழுத்தடிச்சா வீடு கட்டித் தர்றதும் நுகர்வோர் சட்டப்படி சேவைதான், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பூமி பூஜைக்கு அடுத்த மாசமும் முகூர்த்தம் இருக்கும், மாமனார்கிட்ட சொல்லிக்கலாம்.

கேள்வி: நாங்க புக் பண்ணினது ஃபிளாட். அக்ரிமென்ட் இன்னும் போடல, ஆனா 20 பர்சன்ட் கட்டச் சொல்றாங்க, விலையும் ஏறலாம்ங்கறாங்க. சரியா?
- வாசகி, போரூர்

பதில்: சரியில்லைங்க. ரெராவுல (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) வர்ற ப்ராஜெக்ட்னா அக்ரிமென்ட்டைப் பதிவு பண்ணாம மொத்த விலையில 10 பர்சன்ட்டுக்கு மேல வாங்கக் கூடாது, 13வது பிரிவு. முதல்ல ரெரா நம்பரைக் கேட்டு ரெரா வெப்சைட்ல செக் பண்ணுங்க, விலை எத்தனைங்கறதை அக்ரிமென்ட்ல எழுத வச்சுட்டு மீதிப் பணம். மேல இருக்கற கேள்வி மாதிரி சொந்த மனையில தனி வீடுன்னா இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கேள்வி: சிமென்ட் ஜிஎஸ்டி குறைஞ்சப்புறமும் எந்த கான்ட்ராக்டரும் ரேட்டைக் குறைக்கலையே?
- வாசகர், திருச்சி

பதில்: 2025 செப்டம்பர் 22ல இருந்து 28 பர்சன்ட் 18 ஆச்சு, நிஜம்தான். வரியில்லாம 300 ரூபா மூட்டைன்னா 384க்கு வித்தது 354 ஆகணும், மூட்டைக்கு 30 ரூபா. 1,000 சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டைன்னா 12,000, சதுர அடிக்கு 12 ரூபா. கேட்டு வாங்குங்க, ஆனா அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.