பணம் அவள் கணக்கில் விழுகிற வரை

கேள்வி: அன்புள்ள அக்கா, அரசு உதவிபெறும் கலைக் கல்லூரி ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். போன ஜூலையில் உதவித்தொகைப் பிரிவை என்னிடம் கொடுத்தார்கள். முன்பு பார்த்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு பீரோ சாவியும், ஒரு தாளில் எழுதிய நான்கைந்து கடவுச்சொற்களும்தான் எனக்குக் கிடைத்தவை. துறைக்கு ஒரு இணையதளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசித் தேதி, தினமும் ஏதாவது மாற்றம். பீடி சுற்றும் தாயின் மகள் ஒருத்தி என்எஸ்பி என்கிற தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பித்திருந்தாள். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண். அம்மாவின் பீடி அட்டை நகல் தெளிவாக இல்லை என்று ‘டிஃபெக்ட்’ போட்டுத் திருப்பினேன். அதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். பத்து நாள் நீட்டிப்பு கொடுத்திருந்ததும், அது முடிந்த மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அவள் இன்னும் ஜன்னலில் வந்து “மேடம், பணம் வந்துட்டா?” என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? இந்த அறிவிப்புகளைத் தவறவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?
– பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருபத்தாறு வருடம் கல்லூரி அலுவலகத்தில் இருந்தவள் நான். அதில் பதினோரு வருடம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே மாதிரி ஜன்னலுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணின் குரல் ராத்திரி தூங்கும்போதும் உங்கள் காதில் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் ‘டிஃபெக்ட்’ போட்டது தவறே இல்லை. ‘டிஃபெக்ட்’ என்றால் திருத்திக்கொண்டு வா என்று அர்த்தம். ‘ரிஜெக்ட்’ என்றால் அந்த வருடத்துக்கு அந்த விண்ணப்பத்தின் கதை முடிந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல், மங்கலான ஒரு நகலுக்காக ‘ரிஜெக்ட்’ பொத்தானை அழுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் சரியான பொத்தானைத்தான் அழுத்தியிருக்கிறீர்கள். திருப்பிய செய்தி அவளிடம் போய்ச் சேரவில்லை, அதுதான் நடந்த பிழை. இணையதளம் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம். ஆனால் விண்ணப்பத்தில் கொடுத்த எண் யாருடையது? பாதிப் பிள்ளைகள் பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணையோ அண்ணன் எண்ணையோ கொடுத்திருப்பார்கள். அதனால் குறுஞ்செய்தியை நம்பாதீர்கள். திருப்பிய அன்றே வகுப்பு ஆசிரியரிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்துவிடுங்கள்.

கடவுச்சொல் எழுதிய அந்தத் தாளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அந்தக் கணக்குகளில் பதிவான கைபேசி எண் யாருடையது என்று இன்றைக்கே பாருங்கள். ஓய்வு பெற்றவருடையதாகவே இருந்தால், ஓடிபி அவருக்குத்தான் போகும். அவர் பேரன் வீட்டில் இருப்பார், நீங்கள் கடைசி நாளில் அவருக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள். முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, கல்லூரிக்கு மேலே விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற மேல்நிலை நோடல் அலுவலர் வழியாக உங்கள் பெயருக்கும் எண்ணுக்கும் முறையாக மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், அந்தக் கடவுச்சொல்லை வெளியாள் யாருக்கும் தரவே தராதீர்கள். “வேலை அதிகமா இருக்கு, நானே வெரிஃபை பண்ணித் தர்றேன்” என்று உதவிக்கு வருகிற சென்டர்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். சிறுபான்மையினர் உதவித்தொகையில் 1,572 கல்வி நிறுவனங்களை ஆராய்ந்தபோது 830 நிறுவனங்கள் போலி அல்லது செயல்படாதவை என்று தெரியவந்தது. 144 கோடி ரூபாய்க்கு மேல் போய்விட்டது, 2023-ல் சிபிஐ வழக்கும் பதிவானது. கல்லூரியில் சரிபார்க்கிற நோடல் அலுவலருக்கும் நிறுவனத் தலைவருக்கும் கைரேகை கேட்கிற நடைமுறையெல்லாம் சும்மா வந்ததில்லை. உங்கள் பெயரில் வெரிஃபை ஆன ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

சரி, அறிவிப்புகளுக்கு வருகிறேன். அறிவிப்புகள் குறைவாக இருப்பதால் வருகிற சிக்கல் இல்லை இது. வாட்ஸ்அப் குழுவில் நாளுக்கு நாற்பது வருகின்றன. அவற்றில் போன வருடத்துச் சுற்றறிக்கை எது, தலையை வெட்டிவிட்டுப் பாதியை மட்டும் படமெடுத்து அனுப்பியது எது என்று தெரிவதில்லை. ந.க. எண் என்கிற கோப்பு எண்ணும் நாளும் இல்லாத எந்தத் தாளையும் நான் சுற்றறிக்கை என்று எடுத்துக்கொண்டதே கிடையாது. குழுவில் ஒன்று வந்தால் அதைத் துப்பு என்று மட்டும் வைத்துக்கொண்டு மூலத்துக்குப் போங்கள். என்எஸ்பி-க்கு அதன் முகப்புப் பக்கமே மூலம். அங்கே ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று தேதிகள் இருக்கும். மாணவர் விண்ணப்பிக்க ஒன்று, கல்லூரி சரிபார்க்க ஒன்று, மேல்நிலை அலுவலர் சரிபார்க்க ஒன்று. நம்மில் பலர் முதல் தேதியை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவோம். நீட்டிப்பு வந்தாலும் அந்தப் பக்கத்தில்தான் தேதி மாறும். திங்கள், வியாழன் காலை பத்தரை மணிக்கு அதைத் திறந்து பார்ப்பதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

மாநிலத் திட்டங்களுக்கு, கல்லூரி மாணவர் விவரங்களை வைத்திருக்கிற மாநில அரசின் யுமிஸ் தளத்தில் கல்லூரிக்கான உள்நுழைவில் பாருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் உதவித்தொகைக்கும், பிற்படுத்தப்பட்டோர், மிகப்பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்கும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தனித்தனி மாவட்ட நல அலுவலர் இருக்கிறார். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டம் சமூக நலத் துறையின் கீழ் வருகிறது. இந்த மூன்று அலுவலகங்களிலும் இந்தப் பிரிவைப் பார்க்கிற எழுத்தரை ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். முகம் தெரிந்தால் போனில் பதில் வேகமாக வரும், வேறு காரணம் இல்லை. அப்புறம், கல்லூரியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலை யார் திறக்கிறார்கள் என்று விசாரியுங்கள். நான் பொறுப்பேற்றபோது எங்கள் கல்லூரியில் அதை நான்கு மாதமாக யாருமே திறக்கவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்த மாவட்ட அலுவலகத்தின் கடிதங்கள் அதற்குள் வரிசையாகக் கிடந்தன.

இப்போது நான் மனதாரச் சொல்ல வந்த விஷயம். அறிவிப்பு எல்லாவற்றையும் படித்து, விண்ணப்பம் எல்லாவற்றையும் மேலே அனுப்பிவிட்டால் நம் வேலை முடிந்ததாக அலுவலகங்களில் ஒரு நினைப்பு இருக்கிறது. இல்லை. பணம் பிள்ளையின் கணக்கில் விழுந்தது என்று பாஸ்புக்கில் பார்த்த பிறகுதான் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டும். நான் ஒரு நீள நோட்டு வைத்திருந்தேன். பெயர், திட்டம், விண்ணப்ப எண், இப்போதைய நிலை, அடுத்து செய்ய வேண்டியது, கடைசியில் ‘பணம் விழுந்த நாள்’ என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிற பெயர்களை மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். இணையதளம் எத்தனை மாறினாலும் அந்த நோட்டு மாறவில்லை.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். இரண்டு மாதமாக அவளுக்கு உதவித்தொகை வரவில்லை. திரையில் ‘பணம் செலுத்தப்பட்டது’ என்று இருந்தது. பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை. வங்கிக்குப் போனாள், “ஆதார் இணைச்சிருக்கும்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆதாரைக் கணக்கோடு இணைப்பது வேறு, அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று குறித்து வைக்கிற என்பிசிஐ பட்டியலில் ஏற்றுவது வேறு. ஒருவருக்கு மூன்று வங்கியில் கணக்கு இருந்தாலும் ஆதார் வழியாக வருகிற அரசுப் பணம், என்பிசிஐ-யில் கடைசியாக எந்த வங்கி ஏறியிருக்கிறதோ அங்கேதான் போகும். அது எந்த வங்கி என்று ஆதார் தளத்தில் பார்க்கலாம். ஆனால் ஓடிபி வேண்டும். அவள் ஆதாரில் இருந்தது அப்பாவின் எண். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில். தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டால் போனைத் தொட முடியாது. மூன்று தடவை ஓடிபி போய் வீணானது. கடைசியில், “பதினொரு மணிக்கு டீ விடுவாங்க மேடம்” என்றாள் அவள். மறுநாள் பதினொன்றுக்கு இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்தோம். அப்பா போனில் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார், பின்னால் மெஷின் சத்தம். திரையில் வந்த வங்கிப் பெயரைப் பார்த்து அவள், “இது நான் ஒன்பதாம் வகுப்புல ஆரம்பிச்ச அக்கவுண்டு” என்றாள். பணம் முழுவதும் அங்கே பத்திரமாக இருந்தது.

அந்த மாதிரிப் பழைய கணக்குகளைப் பற்றி இன்னொன்று. இரண்டு வருடம் பணம் போட்டு எடுக்கவில்லை என்றால் கணக்கைச் செயல்படாதது என்று வைத்துவிடுவார்கள். ஆனால் உதவித்தொகைக்காகவும் அரசுத் திட்டத்துக்காகவும் தொடங்கிய பூஜ்ய இருப்புக் கணக்குகளைத் தனியாகப் பிரித்து, அந்த விதியை அவற்றுக்குப் பொருத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கவுன்ட்டரில் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், முதல்வர் கையெழுத்தோடு இதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தனுப்புங்கள். வாயால் சொல்லி அனுப்பினால் அந்தப் பிள்ளையால் அங்கே நின்று வாதாட முடியாது.

பெயர் வித்தியாசம் நம் ஊருக்கே உரிய தலைவலி. மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, வங்கியில் இனிஷியல் முன்னால். சேர்க்கை நாளன்றே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகஸ்டில் திருத்தினால் நிம்மதி, டிசம்பரில் திருத்த ஓடினால் தேதி போய்விடும். வருமானச் சான்றிதழுக்கும் இதே பேச்சுதான், இ-சேவை மையத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

ஆதிதிராவிடர் மாணவர்கள் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒரு பெரிய மாற்றம் கொண்டுவந்தது. செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று ஆனது. மத்திய அரசின் பங்கு மாணவரின் கணக்குக்கே நேராகப் போகிறது. கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணமும் அதற்குள் இருக்கும் என்பதை வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரில் கடன் கழுத்தை நெரிக்கும்போது கணக்கில் சில ஆயிரங்கள் விழுந்தால் அது எங்கே போகும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பணம் வருவதற்கு முன்பே பெற்றோரைக் கூப்பிட்டு, இவ்வளவு வரும், இதில் இவ்வளவு கட்டணம் என்று சொல்லிவிட வேண்டும். பணம் தாமதமானால் தேர்வு நுழைவுச் சீட்டைப் பிடித்து வைக்கச் சொல்லி உங்களுக்கு உத்தரவு வரலாம். அரசுப் பணம் தாமதமானதற்குப் பிள்ளை பொறுப்பில்லை என்று முதல்வரிடம் கோப்பிலேயே எழுதி வையுங்கள். பேசிவிட்டு வருவது போதாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பு நடக்கும்போது போய், “எஸ்சி பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் கொடுக்கணும்” என்று யாரும் சொல்ல விடாதீர்கள். பதினோரு வருடத்தில் இதனாலேயே விண்ணப்பிக்காமல் விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அறிவிப்புப் பலகையிலும் சாதி போட்ட பட்டியல் வேண்டாம், பதிவெண் போதும்.

இனி உங்கள் மாணவி. முதல்வர் வழியாக நாளைக்கே மேல்நிலை நோடல் அலுவலருக்கும், பீடித் தொழிலாளர் உதவித்தொகையைப் பார்க்கிற தொழிலாளர் நல அலுவலகத்துக்கும் நடந்ததை அப்படியே எழுதுங்கள். தவறு கல்லூரியுடையது, மாணவியுடையது இல்லை என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். தேதி முடிந்த பிறகு தளத்தைத் திறப்பது அநேகமாக நடக்காது, அதனால் அவளுக்கு ஆசை காட்டாதீர்கள். ஆனாலும் எழுதுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்கிறீர்களே, ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்திருந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கு அவள் தகுதியானவள். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். அவள் பெயர் அதில் ஏறியிருக்கிறதா, பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று யுமிஸில் பாருங்கள். இந்தத் தடவை இழந்ததில் ஒரு பகுதியாவது அங்கே ஈடாகலாம்.

அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஜன்னல் வழியாக வேண்டாம், உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்து, “உன் விண்ணப்பத்தைத் திருப்பினதை உனக்குச் சொல்ல நான் மறந்துட்டேன், இது என் தப்பு” என்று சொல்லுங்கள். அவள் அழலாம், கோபப்படலாம், ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போகலாம். எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒருநாள் அம்மாவின் பீடி அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அம்மா அதை இடுப்புப் பையில் மடித்து மடித்து வைத்து ஓரமெல்லாம் தேய்ந்திருக்கும், பிரவுசிங் சென்டர் நகல் மங்கியதற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்கும். நல்ல வெளிச்சத்தில் நீங்களே ஸ்கேன் செய்து, எழுத்து தெரிகிறதா என்று பார்த்து, அவளுடைய கோப்பில் சேமித்து வையுங்கள். அடுத்த கல்வியாண்டுக்குத் தளம் திறக்கிற அன்று கூப்பிட வேண்டிய முதல் பெயராக அவள் பெயரை நீள நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் அவளுடைய சொந்தக் கைபேசி எண்ணும் இருக்கட்டும்.