மெக்காயும் ஒரு நாள் புது ஆள்தான்

கேள்வி: மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது 'லா அண்ட் ஆர்டர்' தொடர் பார்க்கப் பழகினேன். அரசு வக்கீல் ஜாக் மெக்காய்க்காகவே பார்ப்பேன். 2024 பிப்ரவரியில் அவர் விலகியபின் வருகிறவர்கள் மேல் மனசு ஒட்டவில்லை. விட்டுவிடட்டுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: விடாதீர்கள் அம்மா. 1990-ல் தொடர் தொடங்கியபோது மெக்காய் அதில் இல்லை. அந்த நாற்காலியில் பென் ஸ்டோன் இருந்தார்; நடித்தவர் மைக்கேல் மோரியார்ட்டி. நாலு வருடம் அவரைப் பார்த்துப் பழகியவர்கள் முன்னால் 1994-ல் மெக்காயாக சாம் வாட்டர்ஸ்டன் வந்து நின்றார். ஸ்டோன் அளந்து பேசுகிறவர்; மெக்காய் பாய்கிறவர். அந்த வித்தியாசம்தான் அவரை நிலைநிறுத்தியது. 2010-ல் தொடர் நிற்கும்வரை இருந்தார், 2022-ல் மறுபடி தொடங்கியபோதும் வந்தார்.

நம் ஊர்த் தொடர்களில் திரைக்குக் கீழே 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடும். அதே அண்ணி, அதே புடவை, முகம் மட்டும் வேறு. அங்கே அப்படி இல்லை. ஆள் போனால் பாத்திரமும் போய்விடும். வருகிறவருக்கு வேறு பேர், வேறு குணம். பாதி நேரம் போலீஸ் விசாரணை, மீதி நேரம் கோர்ட். வீட்டுக் கதை கொஞ்சம்தான். அதனால் ஒருவரை வேலை செய்யும் விதத்தை வைத்தேதான் நாம் அறிகிறோம். புது ஆள் என்றால் முதல் நாளே ஒரு பிணத்தின் பக்கத்தில் நின்று கேள்வி கேட்க வேண்டியதுதான்.

எனக்கு டிடெக்டிவ் லென்னி பிரிஸ்கோ அப்படித்தான் பழக்கமானார். நியூஜெர்சியில் அண்ணன் வீட்டில் மறுஒளிபரப்பில் பார்த்தேன். 1992-ல் வந்த கதை அது. செரெட்டா என்ற டிடெக்டிவ் சுடப்பட்டு, பிழைத்து, மேசை வேலைக்குப் போய்விடுகிறார். (அவராக நடித்த பால் சோர்வினோ ஆபரா என்ற மேற்கத்திய இசைநாடகப் பாடகரும்கூட, நியூயார்க் தெருக்களில் நின்று நடிப்பது குரலைக் கெடுக்கும் என்று விலகினார்.) கூட்டாளியை இழந்த கோபத்தில் இருக்கும் டிடெக்டிவ் லோகனிடம் பிரிஸ்கோவை அனுப்புகிறார்கள். லோகன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரிஸ்கோ அவரைச் சமாதானப்படுத்தவும் முயலவில்லை. விசாரணையைப் பார்த்துக்கொண்டு போகிறார். அண்ணி அப்போதே, "இந்த ஆள் நிலைப்பார் பாரு" என்றார். ஜெர்ரி ஆர்பாக் 12 வருடம் பிரிஸ்கோ வேடத்தில் இருந்தார். 2004 டிசம்பரில் அவர் இறந்த செய்தியை அண்ணன் போன் செய்து சொன்னபோது சொந்தக்காரர் ஒருவர் போன மாதிரி இருந்தது.

அப்புறம் நடிகை எபாத்தா மெர்க்கர்சன். முதல் சீசனில் ஒரே ஒரு எபிசோடில், துப்பாக்கிச் சூட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக வந்தார். முக்கிய வேடங்களில் ஆறு பேரும் ஆண்களாகவே இருந்த தொடர் அது. பெண்கள் வேண்டும் என்று தொடரை ஒளிபரப்பும் என்.பி.சி. சேனல் சொன்னபின், 1993-ல் அவரையே டிடெக்டிவ்களின் மேலதிகாரி லெப்டினன்ட் வான் பியூரனாகக் கூட்டிவந்தார்கள். 2010 வரை அந்த அறையை ஆண்டார். அன்றைக்கு அந்தத் தாயின் அழுகையைப் பார்த்தவர்களுக்கு, இந்த அதிகாரியின் நிதானம் இன்னும் கனமாகத் தெரிந்திருக்கும்.

கேள்வி: 2024-ல் புதிதாக வந்தவர்கள் யார்?
– வாசகர், மதுரை

பதில்: மெக்காய்க்குப் பிறகு நிக்கலஸ் பேக்ஸ்டராக டோனி கோல்ட்வின். 2024 ஜனவரியில் டிடெக்டிவ் ரைலியாக ரீட் ஸ்காட். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் லெப்டினன்ட் ஜெசிகா பிரேடியாக மோரா டியர்னி, 'ஈ.ஆர்.' தொடரில் ஆபியாகப் பார்த்திருப்பீர்கள். மூவரில் டியர்னியைத்தான் நான் ஆவலோடு கவனிக்கிறேன். குரலை உயர்த்தாமல் அறையைத் தன் பக்கம் திருப்பத் தெரிந்தவர். கும்பகோணம் வாசகியும் அவருடைய எபிசோடு நாலு பார்த்துவிட்டு எனக்கு எழுதட்டும்.