வாட்ச்மேனை ஏன் முதலில் பிடிக்கிறார்கள்?

கேள்வி: கொலை விசாரணையில் இனவெறியும் பெண்களைப் பற்றிய இளக்காரமும் எப்படி உண்மையைப் புதைக்கின்றன என்று காட்டும் அமெரிக்க மர்ம நாவல் ஒன்று படித்தேன். ஏற்காட்டு பங்களா ஒன்றை வைத்து நம்மூரில் அப்படி எழுத முடியுமா? (வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: பங்களாவா? அம்மா, இந்த மேஜை மேலே ஏற்காட்டு பங்களா நாவல்களாகக் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றிலும் இருபதாவது கொண்டை ஊசி வளைவில் கார் நின்றுபோகும். செத்தவள் சிகரெட் பிடித்திருப்பாள். காது கேட்காத வாட்ச்மேனை முதல் அத்தியாயத்தில் பிடித்துப்போய் நாலு சாத்து சாத்துவார்கள். கடைசி அத்தியாயத்தில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒருவர் வெண்பனியே கொட்ட வைத்திருந்தார். ஏற்காடு சுமார் 5,000 அடிதான் ஐயா என்று திருப்பி அனுப்பினேன். இன்றுவரை என்னைத் திட்டிக் கடிதம் வருகிறது. ஆனால் வாட்ச்மேனை ஏன் பிடித்தார்கள் என்று கேட்டு ஒரு கடிதமும் வந்ததில்லை.

இதற்கு அமெரிக்கா போக வேண்டாம். 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான் வெள்ளைக்காரன். பிறந்த சாதியே குற்றம். கைரேகை வை, ஊர் விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போ. நாடு முழுக்க ஒழிய 1952 ஆயிற்று. இன்றைக்கும் ஒரு வீட்டில் பீரோ உடைந்தால் ஜீப் முதலில் எந்தத் தெருவுக்குப் போகும் என்று அஸ்தம்பட்டிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெண் கதை இன்னும் விசேஷம். 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம், தானே நல்லவன் என்று ஒருவன் வாதாடாதவரை அவனுடைய கெட்ட நடத்தையை அவனுக்கு எதிராகப் பேசக் கூடாது என்றது. அதே சட்டம், பலாத்கார வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் ஒழுக்கத்தைக் கிளறலாம் என்றது. அதை நீக்க 2002இல் திருத்தம் வர வேண்டியிருந்தது. நாவலுக்குத் தனியாக வில்லன் எதற்கு? எங்கள் பத்திரிகைத் தொழிலும் லேசுப்பட்டதில்லை. ஆண் வெட்டுப்பட்டால் ‘முன்விரோதம்’. பெண் வெட்டுப்பட்டால் ‘கள்ளக்காதல்’, அதுவும் கொட்டை எழுத்தில்.

எழுதுவதானால் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். அவர்கள் பேசுவது தமிழ். கேரளத்தோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ‘மலையாளி ஒருத்தர் அந்தப் பக்கம் போனாருங்க’ என்று சாட்சி சொன்னதும், மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர் பாலக்காட்டுக்குத் தனிப்படை அனுப்புவார். வாளையாறு தாண்டி, லாட்ஜ் லாட்ஜாகக் கதவைத் தட்டி, பரோட்டா பில்லுக்கு யார் கையெழுத்துப் போடுவது என்று தகராறாகி, மூன்று அத்தியாயம் தாராளமாக ஓடும். இங்கே எஸ்டேட்டில் மிளகு பறிக்கிற பெண்ணுக்குக் கொலைகாரன் யாரென்று முதல் நாளே தெரியும். அவளை யாரும் விசாரிக்கவில்லை.

முழுசாக எழுதி முடித்து அனுப்புங்கள். தொடராக வேண்டாம். எங்கள் தொடர்களில் எட்டாவது வாரம் கொலைகாரனை ஆசிரியரே மறந்துபோகிறார்.