'நோப்' படத்தில் மேகத்துக்குள் ஒளிந்திருப்பது என்ன? அதை ஏன் நிமிர்ந்து பார்க்கக் கூடாது?

ஜோர்டன் பீல் இயக்கி 2022இல் வந்த 'நோப்', அறிவியல் புனைவு, திகில், குதிரைப்பண்ணைக் கதை மூன்றும் கலந்த படம். கலிபோர்னியாவில் சினிமாவுக்குக் குதிரை பழக்கும் ஓஜே, எமரால்ட் என்ற அண்ணன் தங்கையின் பண்ணைக்கு மேலே ஒரு மேகம் மட்டும் நகராமல் நிற்கிறது. அதற்குள் இருப்பது ஒரு விலங்கு. தன் எல்லைக்குள் இரை தேடும் பெரிய வேட்டை விலங்கு, அவ்வளவுதான். அண்ணனும் தங்கையும் அதற்கு வைக்கும் பெயர் 'ஜீன் ஜாக்கெட்'. அவர்களிடம் முன்பு இருந்த ஒரு குதிரையின் பெயர் அது.

சரி, ஏன் பார்க்கக் கூடாது? பல விலங்குகளுக்கு நேர்ப்பார்வை என்பது சவால். தெருவில் உறுமும் நாயைக் கண்ணோடு கண் முறைத்தால் பாயும். பார்வையைத் தாழ்த்திக்கொண்டு மெல்ல நகர்ந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். வானத்தில் இருப்பதற்கும் அதே கணக்குதான். குதிரைகளோடு வளர்ந்தவன் என்பதால் ஓஜேவுக்கு இது முதலில் புரிகிறது. படத்தின் தொடக்கத்திலேயே இதற்கு விதை போட்டுவிடுகிறார்கள்: படப்பிடிப்பில் பளபளக்கும் கண்ணாடிப் பந்து ஒன்றை முகத்துக்கு நேரே நீட்டியதும், அதுவரை அமைதியாக நின்ற குதிரை மிரண்டு உதைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. முழுப் படமும் அதற்குள் இருக்கிறது.

அப்புறம், அதைப் பறக்கும் தட்டு என்றும் உள்ளே வேற்றுக்கிரகவாசிகள் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள் என்றும் பலர் எழுதுகிறார்கள். உள்ளே ஓட்டுபவர் யாரும் இல்லை, தட்டு போலத் தெரிவதே அதன் உடல்தான்.