கோர்ட்டு நைஸும் கிரைண்டர் நைஸும்

வணக்கம் சார்,

நான் ஒரு வக்கீல் ஆபீஸ்ல இங்கிலீஷ் பேப்பர்களைத் தமிழ்ல மாத்திக் குடுக்குற வேலையில இருக்கேன், சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகுது. போன வாரம் ஒரு தீர்ப்புல "நைஸ் கொஸ்டின் ஆஃப் லா"னு ஒரு வரி. நான் "அருமையான சட்டக் கேள்வி"னு போட்டுட்டேன். சீனியர் அதைச் சத்தமா வாசிச்சு, "ஜட்ஜ் என்னம்மா கைதட்டிப் பாராட்டவா செஞ்சாரு?"ன்னாரு, ஆபீஸே சிரிச்சுது. அப்புறம் அவரே "நுட்பமான"னு திருத்துனாரு. நைஸுக்கு எப்படி சார் நுட்பம்னு அர்த்தம் வரும்? டிக்‌ஷனரியைத் தொறந்தா இனிய, இதமான, நயமான, நுணுக்கமானன்னு வரிசையா நிக்குது, எதை எடுக்குறது? இன்னொண்ணு, எங்கம்மா "மாவை நைஸா அரை"ன்னா நான் அது தப்பு இங்கிலீஷ்னு கிண்டல் பண்ணுவேன். இப்ப அதுலயும் சந்தேகம் வந்துருச்சு.

ஒரு வாசகி, திருநெல்வேலி

வணக்கம்மா,

மொதல்ல அம்மாகிட்ட போய் சாரி கேட்டுடுங்க. கிரைண்டர் பக்கத்துல நின்னு அவங்க சொல்ற நைஸும் அந்த ஜட்ஜ் எழுதுன நைஸும் கிட்டத்தட்ட ஒரே ஆளு, நீங்க போட்ட "அருமை"தான் வேற வீட்டுப் பிள்ளை.

இந்த வார்த்தை 1300 வாக்குல இங்கிலீஷுக்குள்ள வந்தப்ப அதுக்கு அர்த்தம் முட்டாள். நெசமாத்தான். லத்தீன்ல நெஸ்கியுஸ்னா ஒண்ணும் தெரியாதவன், "நெ"ன்னா இல்ல, "ஸ்கிரே"ன்னா அறியறது, சயின்ஸும் அதே ஸ்கிரேலேர்ந்து வந்ததுதான், அப்ப சயின்ஸும் நைஸும் சொந்தக்காரங்க, ஒருத்தன் தெரிஞ்சவன் இன்னொருத்தன் தெரியாதவன். அது பழைய பிரெஞ்சு வழியா இங்கிலாந்துக்கு வந்துச்சு, வந்த எடத்துல சும்மா இருந்துச்சா, முட்டாள்லேர்ந்து கூச்சப்படறவன் ஆச்சு, அப்புறம் எதைக் குடுத்தாலும் நொட்டை சொல்றவன், இது சரியில்ல அது சரியில்லன்னு முகம் சுளிக்கிறவன் ஆச்சு. 16ஆம் நூற்றாண்டுல பாத்தா அந்த நொட்டை சொல்ற குணத்துக்கே மரியாதை வந்துருச்சு, ஏன்னா நொட்டை சொல்றவனுக்குத்தானே சின்னச் சின்ன வித்தியாசமெல்லாம் கண்ணுல படும்? அந்த மயிரிழை வித்தியாசத்துக்கும் நைஸ்னே பேரு. உங்க ஜட்ஜ் புடிச்சுட்டு நிக்கிறது இந்தப் படியை. ஊரெல்லாம் மேல ஏறிப் போயிட்டாலும் சட்டத்துக்காரங்க இந்தப் படியை விட்டு நகரல, இப்பவும் நைஸ் பாயிண்ட்டுன்னா மெல்லிசா, கொஞ்சம் அசந்தா நழுவிப் போற பாயிண்ட்டு.

இனிமை, நல்ல குணம்ங்கற அர்த்தமெல்லாம் 18ஆம் நூற்றாண்டுலேர்ந்துதான் சூடு புடிக்குது. புடிச்சதும் எல்லாத்துக்கும் அதையே போட ஆரம்பிச்சாங்க. ஜேன் ஆஸ்டின்ங்கற இங்கிலீஷ் நாவலாசிரியையோட "நார்த்தாங்கர் அபே", 1817 கடைசியில வந்தது, அதுல ஒரு பொண்ணு தான் படிச்ச நாவலை உலகத்துலயே நைஸான புஸ்தகம்னு சொல்லுவா, ஹென்றி டில்னின்னு ஒருத்தர் ஒடனே, நைஸ்னா சுத்தமா இருக்குன்னு சொல்றியாக்கும், அது பைண்டிங்கைப் பொறுத்ததுன்னு மடக்குவாரு. அதோட விடாம, ஆதியில இந்த வார்த்தை நேர்த்திக்கும் நாசூக்குக்கும்தான் இருந்திருக்கும்னு ஒரு பாடம் வேற எடுப்பாரு. எனக்கு இதுல புடிச்சதே அதான், திருத்த வந்தவரே தப்பு, ஆதியில அது முட்டாள்னு அவருக்குத் தெரியாது. வார்த்தைக்கு "சரியான அர்த்தம்"னு அடிச்சுப் பேசற எல்லார்கிட்டயும் எனக்கு லேசா ஒரு பயம் உண்டு, நானும் அப்படிப் பேசறவன்தான்.

இப்ப நம்ம வீட்டுக்கு வருவோம். தோசைக்குன்னா நைஸா, அடைக்குன்னா கொரகொரப்பா. அம்மா மாவை ரெண்டு விரல்ல எடுத்து தேய்ச்சுப் பாப்பாங்க, குருணை தட்டுனா இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்பாங்க. அந்த விரல் தேடறதும் ஜட்ஜோட கண்ணு தேடறதும் ஒண்ணுதான், ரெண்டுமே சன்னத்தைத் தேடுது. இங்கிலீஷ்காரன் மாவுக்கு ஃபைன்னுதான் சொல்லுவான், நைஸ்னு சொல்ல மாட்டான், ஒத்துக்கறேன். ஆனா நம்ம ஆளுங்க அந்த வார்த்தையை வாங்கி, அவன் கோர்ட்டு மாதிரி எடத்துல மிச்சம் வெச்சிருக்கற அர்த்தத்துக்கு இவ்வளவு பக்கத்துல கொண்டுவந்து வெச்சிருக்காங்களே, அதைப் போய் தப்பு இங்கிலீஷ்னு சொன்னா எப்படி? அது தமிழ்ம்மா.

அதோட நிக்கலையே. "நைஸா நழுவிட்டான்"னு சொல்றோம், சத்தமில்லாம, யாருக்கும் உறுத்தாம. "நைஸா பேசி கையெழுத்து வாங்கிட்டான்"னு சொல்றோம். இந்த எடத்துலதான் ஒரு விஷயம் கவனிங்க, நமக்கு ஏற்கெனவே "நைச்சியமா பேசி"ன்னு ஒண்ணு இருக்கு. நைச்சியம் வடமொழி, நீசத்தோட உறவு, தன்னைத் தாழ்த்திக்கறதுன்னு அர்த்தம், வைஷ்ணவத்துல பகவான் முன்னாடி நான் ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு நைச்சியானுசந்தானம்னே பேரு. அந்தப் பணிவு பேச்சு வழக்குல குழைஞ்சு பேசிக் காரியம் சாதிக்கறதா ஆயிருச்சு. நைஸா பேசி, நைச்சியமா பேசி, ரெண்டையும் வேகமா சொல்லிப் பாருங்க, எது எங்க முடியுதுன்னே தெரியாது. வெளியூர் வார்த்தை சும்மா வந்து ஒக்காராது, தன் சாயல்ல ஒரு ஆளு இருக்கற வீடா பாத்துத்தான் நொழையும்னு நான் நெனைக்கிறேன்.

டிக்‌ஷனரி வரிசையில எதை எடுக்குறதுன்னு கேட்டீங்க. பக்கத்துல யார் ஒக்காந்திருக்கான்னு பாருங்க, அவ்வளவுதான். கொஸ்டின், பாயிண்ட், டிஸ்டிங்ஷன் (வித்தியாசம்) இருந்தா நுண்ணிய. ஆளு இருந்தா நல்லவர், தங்கமானவர். பழைய நாவல்ல சாப்பாட்டு விஷயத்துல ஒருத்தர் ரொம்ப நைஸ்னு வந்தா பாராட்டு இல்ல, அவர் வாய்க்கு எதுவும் புடிக்காதுன்னு அர்த்தம். "நைஸ் அண்ட் ஹாட்"னு காபியைச் சொன்னா இனிமையான சூடான காபின்னு எழுதித் தொலைக்காதீங்க, நல்லா சூடா, முடிஞ்சது. "நைஸ் மெஸ்"னா? இது சாப்பாட்டு மெஸ் இல்ல, அலங்கோலம். அம்மா வீட்டுக்குள்ள நொழைஞ்சதும் செதறிக் கெடக்குற துணியைப் பாத்து "நல்ல லட்சணம்"னு சொல்வாங்கல்ல, அதேதான். இங்கிலீஷ் நைஸ் படுற அத்தனை பாட்டையும் நம்ம "நல்ல"வும் பட்டுட்டுத்தான் இருக்கு.

கடைசியா உங்க வரி. சீனியர் "நுட்பமான"னு திருத்துனது சரி, ஆனா "சட்டக் கேள்வி"யை அப்படியே விட்டுட்டாரு போல, அது பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கு. "நுண்ணிய சட்டப் பிரச்சினை"னு வெச்சா நல்லாருக்கும். அவர்கிட்ட போய் நான் சொன்னேன்னு சொல்லிட்டிருக்காதீங்க, நைஸா மாத்திடுங்க.