மாஸ்டரில் எதை விடலாம், எதைக் கழற்றணும்?

ஆடி நெருங்கிவிட்டது என்பது வந்திருக்கும் கேள்விகளைப் பார்த்தாலே தெரிகிறது. வீட்டு ஸ்டுடியோ வைத்திருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் அம்மன் பாட்டு வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். எல்லாரும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்: மிக்ஸ் முடிந்து பாட்டை ஃபைலாக எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா ட்ராக்கும் கடைசியில் வந்து சேரும் இடத்தில்) என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது? யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "இந்த ஃபைல் யார் கைக்குப் போகுது?" என்பதைத்தான்.

மாஸ்டரில் ஈக்யூ, கம்ப்ரஸ்ஸர், லிமிட்டர் மூணும் போட்டுத்தான் மிக்ஸ் பண்ணேன். மாஸ்டரிங் பண்றவர் "மாஸ்டரைக் காலி பண்ணி அனுப்பு"ன்னு சொல்றார். எல்லாத்தையும் எடுத்தா பாட்டே வேற மாதிரி ஆயிடுது அண்ணா. (அரியாங்குப்பம்)

ஆகத்தான் செய்யும் தம்பி. முதல் நாளிலிருந்து அந்தக் கம்ப்ரஸ்ஸர் (சத்தம் ஏறும்போது அமுக்கும் பிளக்-இன், அதாவது மென்பொருளில் மாட்டும் துணைக்கருவி) வழியாகவே கேட்டுத்தான் தவிலுக்கும் குரலுக்கும் அளவு வைத்திருக்கிறீர்கள். இப்போது அதைக் கழற்றச் சொல்வது, கொதித்து இறக்கிய குழம்பிலிருந்து புளியை எடுக்கச் சொல்வது மாதிரி.

மாஸ்டரிங் என்பது முடிந்த மிக்ஸுக்குக் கடைசி மெருகு போடுவது. அதைச் செய்பவர் கேட்பது அதுவாக இருக்காது. அவருக்குத் தொந்தரவு, உச்சியை ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் தடுக்கும் லிமிட்டர்தான். கடைசி நாள் "சவுண்டு பத்தலையே" என்று மேலே ஏற்றியது அது. தலை வெட்டிய அலையை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது. மிக்ஸோடு வளர்ந்த ஈக்யூவையும் (அடித்தொனி, மேல்தொனியை ஏற்றி இறக்குவது) கம்ப்ரஸ்ஸரையும் விட்டுவிடுங்கள். 2:1 விகிதம், 30 மில்லி செகண்ட் அட்டாக், அமுக்கும் அளவைக் காட்டும் முள் 2 டெசிபெல் அளவுக்கு ஆடுகிறது என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முள் 7, 8 என்று படுத்துக் கிடந்தால் மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

லிமிட்டரை எடுத்ததும் மீட்டர் சிவப்பில் போகலாம். உடனே எல்லா ட்ராக்கையும் கீழே இறக்காதீர்கள். கம்ப்ரஸ்ஸருக்குள் போகும் அளவு குறைந்து அது வேறு மாதிரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். மாஸ்டர் ஃபேடரை இறக்குங்கள். ரீப்பர், எஃப்எல் ஸ்டுடியோ போன்ற மென்பொருள்களில் ஃபேடர் பிளக்-இன்களுக்குப் பிறகு வருவதால் உள்ளே எதுவும் மாறாது. புரோ டூல்ஸில் மாஸ்டர் ஃபேடருக்கு இது தலைகீழ்: ஃபேடர் முதலில், பிளக்-இன் அப்புறம். அங்கே வரிசையின் கடைசியில் ஒரு கெயின் பிளக்-இன் போட்டுக் குறைக்க வேண்டும்.

மிக்ஸின் உச்சி சரியாக -6 டெசிபெல்லில்தான் நிற்க வேண்டும் என்பது ஒரு வழக்கம், அவ்வளவுதான். 24 பிட் ஃபைலில் -3 இருந்தாலும் -8 இருந்தாலும் மாஸ்டரிங் செய்பவருக்கு ஒன்றுதான். 0-வைத் தாண்டாமல் இருந்தால் போதும். 32 பிட் ஃப்ளோட்டில் எக்ஸ்போர்ட் செய்தால் தாண்டினாலும் அலை வெட்டுப்படாது, அவர் இறக்கிக்கொள்வார். அப்புறம், லிமிட்டரோடு ஒரு ஃபைலும் கூடவே அனுப்புங்கள். பாட்டுக்காரர் இத்தனை நாள் கேட்டுப் பழகியது அதைத்தான் என்று அவருக்கும் தெரியட்டும்.

ஹெட்ஃபோன்ல பிரமாதமா இருக்கு சார். ஆனா கோயில்ல மைக் செட்டுல போட்டா பாடுற பொண்ணு தகர டப்பாக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு. (கடலூர் முதுநகர்)

உங்கள் மாஸ்டரில் ஸ்டீரியோவை அகலப்படுத்தும் பிளக்-இன் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருக்கும். எனக்கும் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால், வில்லியனூர் பக்கம் ஒரு திருவிழா. நான் மிக்ஸ் செய்த பாட்டு வேப்பமரத்தில் கட்டிய குழாயில் ஓடுகிறது. நான் டீக்கடை பெஞ்சில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பம்பையும் உடுக்கையும் வந்தன. பல்லவி வந்ததும் குரல் எங்கோ கிணற்றுக்குள் போய்விட்டது. மைக் செட்காரர் என்னை யாரென்று தெரியாமலே பக்கத்தில் இருந்தவரிடம், "பாடுற ஆளுக்குக் காசு கொடுக்கலபோல" என்றார். டீயைக் குடித்து முடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். அந்த வகை பிளக்-இன்களில் சில, ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தி அகலத்தைக் காட்டும். ஹெட்ஃபோனில் இடது காது தனி, வலது காது தனி. அதனால் பிரமாதமாக இருக்கும். மைக் செட் மோனோ. இரண்டையும் கூட்டி ஒரே கம்பியில் அனுப்பும். கூட்டும்போது சில இடங்களில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். 1 மில்லி செகண்ட் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். பெண் குரலின் உயிரே அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இன்னொரு வகை பிளக்-இன் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் தூக்கிவிடும். அதில் நடுவில் இருக்கும் குரல் பிழைக்கும், ஆனால் ஓரத்தில் வைத்த கோரஸ் மோனோவில் பின்னால் போய்விடும்.

அகலம் வேண்டும் என்றால் கீபோர்டுக்கோ கோரஸுக்கோ தனியாகப் போடுங்கள். மாஸ்டரில் வேண்டாம். மிக்ஸ் செய்யும்போதே அடிக்கடி மோனோ பட்டனை அழுத்திக் கேளுங்கள். அழுத்தியதை விட மறந்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் முழுப் பாட்டும் மோனோவாகப் போய்விடும், அதையும் நான் செய்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். குழாயில் அடித்தொனி வராது. உங்கள் பாட்டில் 50 ஹெர்ட்ஸில் உருமும் பேஸ், குழாயில் கேட்கவே போவதில்லை. ஆனால் மாஸ்டரில் இருக்கும் லிமிட்டர் அந்த பேஸைப் பார்த்துத்தான் ஒவ்வொரு அடிக்கும் மொத்தப் பாட்டையும் அமுக்குகிறது. கேட்காத ஒன்றுக்காகக் குரல் குனிகிறது. அதனால் மைக் செட்டுக்கென்று தனியாக ஒரு எக்ஸ்போர்ட் எடுத்து வையுங்கள். மாஸ்டரில் முதலில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஈக்யூ, அதற்கு அப்புறம் லிமிட்டர், ஃபைல் மோனோ. பத்து நிமிஷ வேலை. பென் டிரைவில் "மைக் செட்" என்று பெயர் போட்டுக் கொடுத்தால் செட்காரரே உங்களைத் தேடி வருவார்.

ஹெட்ஃபோன் சத்தத்தைச் சமன்படுத்துற பிளக்-இன் வாங்கி மாஸ்டர்ல போட்டிருக்கேன். எக்ஸ்போர்ட் பண்ணி கார்ல கேட்டா ஒல்லியா இருக்கு. (லாஸ்பேட்டை)

அது உங்கள் காதுக்குப் போட்ட கண்ணாடி. அதைப் பாட்டுக்கே மாட்டி அனுப்பிவிட்டீர்கள். உங்கள் ஹெட்ஃபோனில் பேஸ் தூக்கல் என்று அந்தப் பிளக்-இன் பேஸைக் குறைக்கிறது. எக்ஸ்போர்ட் ஆகும்போது அந்தக் குறைப்பும் ஃபைலில் ஏறிவிடுகிறது. காரில் போய்க் கேட்டால் ஒல்லியாகத்தான் இருக்கும்.

ரீப்பர் என்றால் மானிட்டரிங் எஃப்எக்ஸ் என்று தனி இடம் இருக்கிறது. அங்கே போட்டால் காதுக்கு மட்டும் கேட்கும், ரெண்டரில் (ரீப்பரில் எக்ஸ்போர்ட்டுக்கு அந்தப் பெயர்) வராது. கியூபேஸ் புரோவில் கன்ட்ரோல் ரூம் அதே வேலையைச் செய்யும். இப்படி வசதி இல்லாத மென்பொருள் என்றால் எக்ஸ்போர்ட்டுக்கு முன் பைபாஸ் போட்டு அதை அணைக்க வேண்டும், வேறு வழியில்லை. நான் மானிட்டரின் ஓரத்தில் "கண்ணாடியைக் கழற்று" என்று ஒரு சீட்டு ஒட்டி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் குழம்பிப் போவார்கள்.

ஒரு குறும்படத்துக்குப் பின்னணி இசை. மேளம், ஸ்ட்ரிங்ஸ், குரல், மத்ததுன்னு நாலு ஸ்டெம்மா கேட்டாங்க. மாஸ்டர் எஃபெக்டோடயே நாலையும் எடுத்துக் கொடுத்தேன். அவங்க சேர்த்துப் போட்டா என் மிக்ஸ் மாதிரி இல்லையாம். (முத்தியால்பேட்டை)

இருக்காது. ஸ்டெம் என்பது மிக்ஸைப் பகுதி பகுதியாகப் பிரித்து எடுத்த ஃபைல். மாஸ்டரில் ஈக்யூ மட்டும் இருந்திருந்தால் தப்பித்திருப்பீர்கள். தனித்தனியாகப் போட்டுக் கூட்டினாலும் மொத்தமாகப் போட்டாலும் அது ஒன்றுதான். கம்ப்ரஸ்ஸர் அப்படியில்லை, தனக்குள் வரும் சத்தத்தின் அளவைப் பார்த்து நடந்துகொள்ளும். முழு மிக்ஸில் மேளம் விழும்போது ஸ்ட்ரிங்ஸையும் சேர்த்து அமுக்கியது. ஸ்ட்ரிங்ஸ் தனியாகப் போனபோது அமுக்க ஆளில்லை. லிமிட்டருக்கும் சாச்சுரேஷனுக்கும் (சத்தத்தைக் கொஞ்சம் கரகரப்பாக்குவது) இதே கதைதான்.

சுலபமான வழி, ஸ்டெம் எடுக்கும்போது கம்ப்ரஸ்ஸரையும் லிமிட்டரையும் அணைத்துவிட்டு, மிக்ஸைத் தனியே மாதிரிக்கு அனுப்புவது. படத்தில் வசனம் வரும் இடத்தில் அவர்களே ஏற்றி இறக்கப் போகிறார்கள், எனவே இதுவே அவர்களுக்கும் வசதி. கம்ப்ரஸ்ஸரின் ஆட்டம் கண்டிப்பாக வேண்டும் என்றால், எந்த ஸ்டெம் ஓடினாலும் கம்ப்ரஸ்ஸரின் சைட்செயினுக்கு (எந்தச் சத்தத்தைப் பார்த்து அமுக்க வேண்டும் என்று சொல்லும் உள்வழிக்கு) முழு மிக்ஸ் போகும்படி கம்பி மாற்றுங்கள். அப்போது ஸ்ட்ரிங்ஸ் தனியாக ஓடும்போதும் மேளம் விழும் இடத்தில் அமுங்கும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. நாலு ஸ்டெம்மையும் புது ப்ராஜெக்டில் வைத்து, ஸ்டெம்மில் அணைத்ததை மிக்ஸிலும் அணைத்து எடுத்த ஒரு மிக்ஸ் ஃபைலை அதே இடத்தில் போட்டு அதன் பொலாரிட்டியைத் திருப்புங்கள் (அலையின் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும்). எல்லாம் சரியென்றால் நிசப்தம். எங்காவது முனகினால் அந்த இடத்தில் வித்தியாசம் இருக்கிறது. சில ரிவெர்ப்கள் (எதிரொலி எஃபெக்ட்) ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறி ஒலிக்கும். அந்த லேசான மிச்சத்தைக் கண்டுகொள்ள வேண்டாம்.

ஆடாசிட்டியில மாஸ்டர் பஸ்ஸே கிடையாதாமே? (நெல்லிக்குப்பம்)

முன்பு கிடையாது. 2024-இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து மாஸ்டர் எஃபெக்ட் இருக்கிறது. அங்கே போட்டது எக்ஸ்போர்ட்டிலும் வரும். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ட்ராக்கிலும் அதே லிமிட்டரைப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். மேலே சொன்ன ஸ்டெம் கதைதான் நடக்கும்.

யூடியூப், ஸ்பாட்டிஃபை எல்லாம் -14 எல்யூஎஃப்எஸ்னு சொல்றாங்க. மாஸ்டர்ல மீட்டர் வச்சு சரியா அதுலயே நிறுத்தணுமா? (புதுச்சேரி)

வேண்டியதில்லை. எல்யூஎஃப்எஸ் என்பது பாட்டு மொத்தமாக எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதன் அளவு. -14 என்பது ஸ்பாட்டிஃபை பாட்டுகளை ஒலிக்கவிடும் அளவு. அதைவிடச் சத்தமாக இருந்தால் குறைத்துவிடும். யூடியூபும் குறைக்கும், ஆனால் சத்தம் குறைவான பாட்டைத் தூக்கிவிடாது. தாலாட்டுக்கும் குத்துப்பாட்டுக்கும் ஒரே எண்ணை வைத்து அடித்தால் இரண்டும் கெடும். பாட்டுக்கு எந்த அளவு பொருந்துகிறதோ அங்கே நிறுத்துங்கள். ட்ரூ பீக்கை (அலையின் உண்மையான உச்சியை) மட்டும் -1 டெசிபெல்லில் நிறுத்துங்கள், ஏனென்றால் எம்பி3 ஆகச் சுருக்கும்போது உச்சிகள் கொஞ்சம் மேலே எகிறும்.

குவாயர் பாட்டு. எல்லாருக்கும் சேர்த்து மாஸ்டர்லயே ரிவெர்ப் போட்டுடலாமா? இன்னொண்ணு, கடைசி "ஆமென்" பாதியில வெட்டுப்பட்டு எக்ஸ்போர்ட் ஆகுது. (புதுச்சேரி)

மாஸ்டரில் வேண்டாம். ஆர்கனின் அடித்தொனியும் சேர்ந்து எதிரொலித்து, வார்த்தை புரியாமல் போகும். தனி பஸ்ஸில் ரிவெர்ப் வைத்து, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, குரல்களை மட்டும் அனுப்புங்கள்.

வெட்டுப்படுவது, ட்ராக் முடியும் இடத்திலேயே எக்ஸ்போர்ட்டும் முடிவதால். ரெண்டர் செய்யும்போது டெயில் என்று ஒரு இடம் இருந்தால் 5 செகண்ட் கொடுங்கள். இல்லையென்றால் தேர்வு செய்யும் பகுதியைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் மெல்லத் தேய்வது மாஸ்டர் ஃபேடரில் என்றால், அது கம்ப்ரஸ்ஸருக்குப் பின்னால் நடக்கிறதா என்று பாருங்கள். முன்னால் நடந்தால் சத்தம் குறையக் குறைய கம்ப்ரஸ்ஸர் பிடியை விடும், "ஆமென்" நீங்கள் நினைத்த மாதிரி தேயாது. புரோ டூல்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது மறுபடியும் தலைவலி.