பிரஸ் மெஷினில் விரல் நசுங்கியது. 'என் கவனக்குறைவால் நடந்தது' என்று எழுதிய பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

போடாதீர்கள். "வலி இருக்கிறது, மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், படித்துப் பார்க்க அவகாசம் வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் இப்போது யாரிடமும் வாதாட வேண்டாம்.

நீங்கள் எழுதியிருக்கும் விவரம் இது: இரவு ஷிப்ட், டையில் (தகட்டை வடிவாக்கும் அச்சில்) ஒட்டிக்கொண்ட பீஸை எடுக்கக் கை விட்டீர்கள், பெடலை மிதிக்காமலே பிரஸ் இன்னொரு அடி அடித்துவிட்டது. கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பான கார்டைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். பீஸ் எடுக்கக் கருவி எதுவும் தரவில்லை. "நீ பார்த்து எடுத்திருக்கணும்" என்கிறார் முதலாளி.

நான் 11 வருடம் பிரஸ் ஓட்டியவன். பிறகு பாதுகாப்புப் பிரிவு வேலைக்கு மாறினேன். மாறியதற்கே காரணம் இதே மாதிரி ஒரு பேப்பர்தான்.

என் பக்கத்து மெஷினில் இருந்தவர் என்னைவிட மூத்தவர். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பிரஸ் ஓட்டுகிறவர்களுக்குக் கண்ணைவிடக் காதுதான் முதலில் வேலை செய்யும். ஒரு அடி விழ வேண்டிய இடத்தில் அன்று இரண்டு அடி கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் கத்தவில்லை. இடது கையை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெயினை ஆஃப் பண்ணுடா" என்றார். தன் கை போன நேரத்திலும் அடுத்து யாரும் அந்த மெஷினில் கை வைத்துவிடக் கூடாது என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவரைத்தான் இரண்டு நாள் கழித்து 'கவனக்குறைவானவர்' என்று படிவத்தில் எழுதினார்கள். 'சம்பவத்துக்குக் காரணம்' என்று ஒரே ஒரு கோடு விட்டிருந்தது. சூப்பர்வைசர் அதில் ஒரே வார்த்தை எழுதினார். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கட்டுப் போட்ட கையோடு வந்தவர், "நீயும் அப்படித்தான் நெனைக்கிறியா?" என்று கேட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

நடந்தது இதுதான். அண்ணன் ஓட்டிய அந்த பிரஸ் பழைய பின் கிளட்ச் வகை, அதாவது சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரத்தோடு பிரஸ்ஸை ஒரு பின் மூலம் இணைக்கும் அமைப்பு. அந்தப் பின் தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ, இந்த வகை மெஷின் ஒரு அடியோடு நிற்காமல் தானாகவே இன்னொரு அடி அடிக்கும். அதற்கு முந்தைய வாரமே இரண்டு முறை அப்படி அடித்திருந்தது. அவர் வாயால் சொன்னார், "இந்த ஆர்டர் முடியட்டும்" என்று பதில் வந்தது. புது டைக்குக் கார்டு இடிக்கிறது என்று அதைக் கழற்றி வைத்தார்கள். பீஸைத் தானாகத் தள்ளிவிட டையில் எஜெக்டரும் இல்லை, ஏர் பைப்பும் இல்லை. பீஸ் எடுக்கும் குறடு உடைந்து பல நாளாகியிருந்தது. இதில் எந்த ஒன்றைச் சரிசெய்திருந்தாலும் அவர் விரல்கள் தப்பியிருக்கும். இதில் ஒன்றுகூட அவர் கையில் இருந்த முடிவு கிடையாது.

ஒரு ஷிப்டில் நாலாயிரம் தடவை கை உள்ளே போய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,999 தடவை கவனமாக இருந்தவர் ஒரே ஒரு தடவை சற்று அசந்தால் விரல் போகும் என்றால், அந்த ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்க வேண்டும். மனிதனுக்குக் கவனம் சிதறும், தூக்கம் வரும், வீட்டு நினைப்பு வரும். இது தெரிந்துதான் மெஷினுக்குக் கார்டு என்ற ஒன்றையே கண்டுபிடித்தார்கள். கை உள்ளே போகவே முடியாதபடி டையை அமைப்பது முதல் வழி. முடியாவிட்டால் கார்டு, அல்லது இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஓடும் பட்டன். அந்தப் பட்டனை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்பதற்குக்கூடக் கணக்கு உண்டு. சர்வதேசத் தரநிலை கையின் வேகத்தை விநாடிக்கு 1,600 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. பிரஸ் நிற்க 0.2 விநாடி ஆகும் என்றால், டைக்கும் பட்டனுக்கும் இடையே குறைந்தது 32 சென்டிமீட்டராவது வேண்டும். 'பார்த்து வேலை செய்' என்ற அறிவுரையும் கையுறையும் இதற்கெல்லாம் பிறகுதான் வரும்.

"சென்சார் மாட்டியிருக்கிறோமே" என்று சில முதலாளிகள் சொல்வார்கள். உங்கள் பிரஸ் பின் கிளட்ச் வகை என்றால் கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தச் சொல்லும் ஒளித்திரை சென்சாரால் பலன் இல்லை. கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் முழுச் சுற்றும் சுற்றித்தான் நிற்கும், பாதியில் நிறுத்த வழியே கிடையாது. கையைப் பார்த்த சென்சார் யாரிடம் போய்ச் சொல்லும்? கையுறையும் அப்படித்தான். டிரில்லிங் மெஷின் மாதிரி சுழலும் இடத்தில் கையுறை போட்டால் துணி சுற்றிக்கொண்டு கையையே உள்ளே இழுத்துவிடும். எதையோ வாங்கிக் கொடுத்தேன் என்பதால் மட்டும் பொறுப்பு தீர்ந்துவிடாது.

'தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்' என்ற பேச்சு புதிதல்ல. 1837இல் இங்கிலாந்தில், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டியில் வேலையாகப் போய்த் தொடை எலும்பு முறிந்த ஒரு பணியாளுக்கு ஜூரி 100 பவுண்டு கொடுக்கச் சொன்னது. மேல் நீதிமன்றமோ, ஆபத்து என்று தோன்றினால் அவரே மறுத்திருக்கலாமே என்று சொல்லி முதலாளியை விடுவித்தது. அந்தப் பார்வையிலிருந்து உலகம் நகர்ந்து வந்துவிட்டது. 1884இல் ஜெர்மனி கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டில் முழுச் சந்தாவும் முதலாளிகளுடையது, தொழிலாளியிடம் தவறு இருந்ததா என்று துருவாமலே இழப்பீடு உண்டு. பிறகு எத்தனையோ நாடுகள் அந்த வழியில் சட்டம் போட்டன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் உடன்படிக்கை, பாதுகாப்பு ஏற்பாட்டுக்கான செலவில் ஒரு காசுகூடத் தொழிலாளி தலையில் விழக் கூடாது என்கிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடிப் பேராபத்து என்று நியாயமாக நம்பி வேலையை விட்டு விலகியவரைத் தண்டிக்கவும் கூடாது என்கிறது. 2022 ஜூனில் பாதுகாப்பான வேலையிடத்தை அந்த அமைப்பு அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது.

விலகும் உரிமை காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தின் ரானா பிளாசா கட்டடச் சுவரில் விரிசல் விட்டது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே தையல் ஆலைகளில் இருந்தவர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களும் விரிசலைப் பார்த்தவர்கள்தான். பயந்துகொண்டேதான் உள்ளே போனார்கள். அவர்களை யாராவது கவனக்குறைவானவர்கள் என்று சொல்ல முடியுமா?

இனி உங்கள் விஷயம். மருத்துவமனைச் சீட்டில் 'வேலை செய்யும்போது பிரஸ்ஸில் அடிபட்டது' என்று இருக்கிறதா பாருங்கள். கம்பெனியிலிருந்து கூட வந்தவர் 'வீட்டில் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது' என்று சொல்லிவிடுவது உண்டு. அப்படி எழுதியிருந்தால் இன்றே டாக்டரிடம் நடந்ததைச் சொல்லித் திருத்தக் கேளுங்கள், பிற்பாடு எல்லாமே அந்த ஒரு வரியில்தான் நிற்கும். மெஷினின் படம் வேண்டும், கார்டு இல்லாத நிலையிலேயே. பெரும்பாலும் மறுநாளே கார்டு மாட்டப்பட்டுவிடும். தேதி, நேரம், ஷிப்ட் தொடங்கி எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது, இதற்கு முன் எப்போது இரட்டை அடி விழுந்தது, யாரிடம் சொன்னீர்கள் என்பதையெல்லாம் நினைவு மங்கும் முன்னே எழுதி வையுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். இழப்பீடு கேட்கக் கெடு உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும். அதனால் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் துறை அலுவலகத்தையோ இந்த வாரமே பாருங்கள்.

கூட வேலை செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். துண்டாகிப்போன விரலை நேராக ஐஸில் போடக் கூடாது, திசு கெட்டுவிடும். சுத்தமான துணியை லேசாக ஈரப்படுத்தி அதில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து, அடிபட்டவரோடே கொண்டுபோக வேண்டும். எங்கள் அண்ணனுக்கு இது நடக்கவில்லை. அன்று அங்கே யாருக்கும் இது தெரியாது, சொல்லித்தரவும் யாரும் இல்லை.

படிவத்தில் காரணம் என்ற கோட்டில் என்ன எழுதலாம் என்று கேட்பார்கள். இதைக் கொடுங்கள்: 'பெடலை மிதிக்காமலே பிரஸ் இரண்டாவது அடி அடித்தது. கார்டு கழற்றப்பட்டிருந்தது. பீஸ் எடுக்கக் கருவி தரப்படவில்லை.' மூன்றும் நீங்கள் சொன்னவை, மூன்றையும் சரிபார்க்க முடியும். எழுத மறுத்தால் இதையே கடிதமாக எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி நகலை வீட்டில் வையுங்கள். சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லி உங்கள் பக்கத்து மெஷின்காரரை அழைப்பார்கள். அதற்கு முன்னால் நீங்கள் போய் அவரைப் பாருங்கள். என்ன கேட்டது, எத்தனை அடி கேட்டது என்று அவர் எழுதிக் கொடுத்தால் போதும்.